தேயாமல் காத்த லேத்

அவளை எல்லோரும் லேத்தக்கா என்றே கூப்பிட்டார்கள். கணவர் படுத்த படுக்கையானதும் அவருடைய லேத் பட்டறையை ஏற்று, இருபத்திரண்டு வருடம் பம்புகளுக்கு இரும்புத் தண்டு கடைந்து பிள்ளைகளைக் கரையேற்றியவள். விரல்கள் நடுங்கத் தொடங்கியபோது லேத்தைப் பள்ளிவாசலுக்கு வக்ஃபாக, இறைவன் பேரில் அறக்கொடையாக, எழுதி வைத்தாள். வேலையில்லாத பிள்ளைகள் அதில் தொழில் கற்க வேண்டும்; அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

மகள் வீட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரின் உரையைக் கேட்கப் பள்ளிவாசலுக்கு வந்தாள். தலைப்பு, சமுதாய மறுமலர்ச்சியும் பொருளாதார வளர்ச்சியும். மாடிப்படி ஏறப்போனவள் கீழறையை எட்டிப் பார்த்தாள். பச்சை வெல்வெட் போர்த்தி, சுற்றிலும் கயிறு கட்டி, லேத் நின்றது. தரையில் ஒரு இரும்புச் சுருள்கூட இல்லை.

நிர்வாகச் செயலாளர் அவளுடைய சொந்தத் தம்பி. பூரிப்போடு வந்து நின்றார்.

“எப்படி வச்சிருக்கோம் பார்த்தியாக்கா? ஒருத்தன் கை படல.”

“பிள்ளைங்க எங்கடா?”

“விடுவோமா? வக்ஃபு சொத்துக்கா. தேஞ்சு போச்சுன்னா நாளைக்கு அல்லாஹ்கிட்ட யார் பதில் சொல்றது, நீயா?”



மாடி ஒலிபெருக்கியில் பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். “வக்ஃபு பூட்டி வைக்கிற பொருள் இல்லைங்க. அதோட பயன் ஓடிக்கிட்டே இருக்கணும். அது நின்னா சமுதாயமும் நின்னுடும்.”

கீழே தம்பி தலையாட்டினார். “என்னமா பேசறார், இல்ல?”

அவள் கயிற்றைத் தாண்டினாள்.

“அக்கா, தொடாதே. கொடுத்த பிறகு உனக்கே அதுல உரிமை கிடையாது.”

“தெரியும்டா.”

வெல்வெட்டை உருவினாள். வழவழவென்று இருந்த இரும்பு, செங்கல் நிறத்தில் பொரிந்து கிடந்தது. தண்டைப் பிடிக்கும் தலையை இரண்டு கையாலும் திருகினாள். அசையவில்லை.

“தண்ணி எப்படிடா பட்டுச்சு?”

“தண்ணியா? சேச்சே. வெள்ளிக்கிழமை தவறாம பன்னீர்தான் தெளிக்கிறோம்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி இப்போதுதான் முதல்முறையாக லேத்தைத் தொட்டார். விரல்களில் துரு ஒட்டியது.

“போயிடுச்சாக்கா?”

“அவ்வளவு லேசுல போகாது. மண்ணெண்ணெய் வாங்கிட்டு வா. பேச்சு முடிஞ்சு இறங்குறவங்கள்ல வேலையில்லாத நாலு பேரை நிறுத்தி வை. துரு எடுக்கறதுல இருந்து கத்துக்கட்டும்.”

தம்பி நகரவில்லை. சிவந்துபோன விரல்களையே வெறித்துக்கொண்டிருந்தார்.