வாய்க்காலுக்குள் நின்று ஆயில் மாற்றியது

எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும் என்று சும்மா இருந்திருக்க வேண்டியவள் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் குவைத்துக்குப் போட்ட கடிதங்கள்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. மாதா கோயிலில் வாசகம் வாசிக்கச் சொன்னபோதுகூடத் தொண்டை வலி என்று சொல்லித் தப்பித்தவள். அப்படிப்பட்டவள் கார் எஞ்சினைப் பற்றி எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்று நடந்ததை ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால்தான்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. என் கணவர் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அப்படி ஒரு லீவில், தஞ்சாவூரில் ஒரு டாக்டர் விற்ற சின்னக் காரை வாங்கினார். அவர் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, சர்க்கரை வியாதியால் காலில் புண் ஆறாமல் இருந்தது. வாரத்தில் இரண்டு தடவை தஞ்சாவூர் போய்க் கட்டு மாற்ற வேண்டும். நீயே ஓட்டக் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

கற்றுக்கொண்டேன். நாற்பது வயது தாண்டியவளுக்கு வராது என்று டிரைவிங் ஸ்கூல்காரரே நினைத்தார். வந்துவிட்டது. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் வந்தது என்று நினைக்கிறேன். அத்தையைப் பின்சீட்டில் காலை நீட்டி உட்காரவைத்து, வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போகும்போது, என் வாழ்க்கையில் முதல்முறையாக, எங்கே போகிறாய் எப்போது வருவாய் என்று கேட்க யாரும் இல்லாத ஒரு இடம் எனக்குக் கிடைத்த மாதிரி இருக்கும். காரின் சாவியை இடுப்பில்தான் செருகி வைத்திருப்பேன்.

அந்தச் சாவி கொழுந்தனுக்கு உறுத்தியது. கணவரின் தம்பி. பக்கத்து வீடு. எங்கள் நிலத்தையும் சேர்த்து அவர்தான் விவசாயம் பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் ஐந்து நாள் சும்மா நிற்கிற வண்டி வீணாகிறது என்பது அவர் கட்சி. சர்வீஸுக்கு விட வேண்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டு போவார். இரண்டு நாள் கழித்து வண்டி வரும். பின்சீட்டில் யூரியா வாசனை அடிக்கும். ஒருமுறை நானே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனேன். மெக்கானிக் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க யாரும் வரலைங்களா?" என்றார். மதியம் வரை ஓரமாக நின்றேன். நின்றதில் ஒரு லாபம், ஆயில் மாற்றுவதை முழுதாகப் பார்த்துவிட்டேன். கீழே ஒரு நட்டைக் கழற்றினார், பழைய ஆயில் இறங்கியது. பக்கத்தில் இருந்த ஃபில்டரை, ஒரு சின்ன டப்பா மாதிரி இருந்தது, திருகி எடுத்துப் புதிதாக ஒன்றை மாட்டினார். மேலே புது ஆயிலை ஊற்றினார். இதற்கா இத்தனை பேச்சு என்று தோன்றியது.

அடுத்த தடவை ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது கொழுந்தன் குவைத்துக்குப் பேசியிருக்கிறார். வழக்கம்போல வெள்ளிக்கிழமை கணவர் போன் செய்தார். வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று தம்பி சொல்வதில் நியாயம் இருப்பதாகச் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

"சரி, இந்த ஆயிலை நீயே மாத்திக் காட்டு. மாத்திட்டா சாவி உன்கிட்ட. இல்லன்னா தம்பிகிட்ட இருக்கட்டும்."

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் குழி இருந்தது, வண்டிக்கு அடியில் இறங்கி நிற்க. எங்கள் பக்கம் தரை எல்லாம் ஒரே மட்டம், மேடும் கிடையாது பள்ளமும் கிடையாது. வாய்க்கால்தான் உண்டு. எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே அது ஓடுகிறது. கடப்பதற்கு மூன்று சிமெண்ட் பலகைகள் போட்டிருந்தோம். நடுப் பலகையை ஒரு டிராக்டர் உடைத்துவிட்டது, யாரும் திரும்பப் போடவில்லை. இரண்டு பக்கப் பலகைகளில் சக்கரத்தை ஏற்றித்தான் வண்டியை உள்ளே கொண்டுவருவேன். வண்டியைப் பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு வாய்க்காலில் இறங்கினால், எஞ்சினின் அடிப்பாகம் நேராகத் தலைக்கு மேல். குழி தயாராக இருந்தது.

தண்ணீர்தான் யோசனை. அந்த வருஷம் ஆடி முடியப்போகிறது, வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. மேட்டூரைத் திறந்துவிட்டார்கள், கல்லணைக்கு வந்துவிட்டது என்று செய்தி. எங்கள் வாய்க்காலுக்கு மதகைத் திறக்கிற லஸ்கர், நம் முறை வர இன்னும் நாலு நாள் ஆகும் என்று டீக்கடையில் சொன்னதாகக் கொழுந்தன்தான் வந்து சொன்னார். மறுநாள் அத்தைக்குக் கட்டு மாற்றும் நாள். அதற்கு முன்னால் அன்றைக்கே முடித்துவிடுவோம் என்று, கணவரின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டேன்.

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தேன். பின்சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தேன். அலுமினிய பேசினோடு இறங்கினேன். நட்டு எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதிலேயே முதல் குழப்பம். அண்ணாந்து பார்க்கும்போது வலது இடது மாறுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து தலைகீழாகப் பிடித்துத் திறந்து பார்த்தேன். அதற்குள் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டிருந்தேன். ஸ்பேனரின் வாலில் பம்ப்செட் குழாய்த் துண்டைச் செருகித் தொங்கினேன். சுத்தியலால் தட்டினேன். உள்ளே கட்டிலில் படுத்திருந்த அத்தை குரல் கொடுத்தார்.

"என்னடி பண்றே?"

"ஆயில் மாத்தறேன் அத்தை."

"எண்ணெய் மாத்தறதுக்கா இந்தத் தட்டு தட்டுறே? நான் எத்தனை தடவை அப்பளம் பொரிச்சுட்டு மாத்தியிருப்பேன்."

நட்டு திடீரென்று இளகியது. சூடான கறுப்பு ஆயில் முழங்கை வரை வழிந்தது. கையை உதறியதில் நட்டு பேசினுக்குள் விழுந்துவிட்டது. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அதுவரை சரிதான்.

ஃபில்டர் அசையவில்லை. கையால் திருகினேன், வழுக்கியது. துணி சுற்றித் திருகினேன். உப்புத்தாள் வைத்துத் திருகினேன். மாட்டுக் கயிற்றைச் சுற்றி இழுத்தேன், கயிறுதான் சுற்றிச் சுற்றி வந்தது. ஒர்க்‌ஷாப்பில் யாரோ அதை ஜென்மத்துக்கும் கழற்ற வேண்டாம் என்று நினைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரை டப்பாவின் குறுக்கே அடித்துச் செருகி, அதையே கைப்பிடி மாதிரி வைத்துத் திருப்பலாம் என்று எப்போதோ கேட்டிருந்தேன். அடித்தேன். திருப்பினேன். தகரம் கிழிந்தது, ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. கிழிசலிலிருந்து ஆயில் என் நெற்றியில் சொட்டியது. வாய்க்காலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்காரர் மேல் கோபம், குவைத்தில் ஏ.சி.யில் இருந்துகொண்டு பந்தயம் வைக்கிறவர் மேல் கோபம். வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அத்தைக்குக் கேட்டிருக்காது.

அப்போதுதான் மேற்கே ஆட்கள் சத்தம் கேட்டது. தேர் வருகிற மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். வாய்க்கால் இரு கரையிலும் ஜனங்கள் மண்வெட்டியோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, அவர்கள் நடக்கிற வேகத்திலேயே, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வெடிப்புகளில் இறங்கி, நிரம்பி, மறுபடி நகர்ந்தது. யாரோ பூ போட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீருக்காக எத்தனை வீட்டில் விதைநெல்லை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்று எனக்கும் தெரியும். எங்கள் வீட்டிலும்தான்.

கொழுந்தன் முன்னால் வந்தார்.

"அண்ணி, மேல ஏறுங்க."

"நட்டு போடணும் தம்பி."

"தண்ணி வருதுங்க, என்ன நட்டு?"

"நாலு நாள்னு நீங்கதான சொன்னீங்க."

"லஸ்கர் சொன்னான், நான் சொன்னேன். தண்ணிகிட்டப் போய்க் கேக்கச் சொல்றீங்களா?"

சிரித்தார்கள். ஒருவர், பொம்பளை வண்டி ஓட்டினால் மழை வராது என்றார்கள், தண்ணீர் வந்துவிட்டதே என்றார். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் நாற்றங்கால் எங்கள் பாலத்துக்கு அடுத்த மடையில் இருந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏம்மா, ஆடியும் போச்சு, இப்பதான் தண்ணியே வருது. என் நாத்துக்கு எண்ணெய் கலந்து குடுக்கப் பாக்குறியா?"

அத்தனை கையிலும் மண்வெட்டி இருந்தது. பத்து கூடை மண் வெட்டிப் போட்டிருந்தால் தண்ணீர் அரை மணி நேரம் நின்றிருக்கும். கொஞ்சம் நிறுத்துங்க என்று நான் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. யாரும் தானாகவும் செய்யவில்லை. பேசினுக்குள் கையை விட்டுத் துழாவினேன். சூடு ஆறியிருக்கவில்லை. நட்டு கிடைத்தது. விரலால் திருகி ஏற்றிவிட்டு, பேசினைச் சிந்தாமல் தூக்கிப் பலகை மேல் வைத்தபோது தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. ஒரு செம்பருத்திப் பூ என் காலில் வந்து இடித்துக் கறுத்துப்போனது.

பேசினிலிருந்து ஒரு துளிகூடச் சிந்தவில்லை. கிழிந்த ஃபில்டரிலிருந்துதான் சொட்டியது. ஒவ்வொரு சொட்டும் தண்ணீரில் விழுந்து பல நிறத்தில் விரிந்தது. பெரியம்மா போய்ச் சேற்றை அள்ளித் தன் மடை வாயை அடைத்தார். நான் கரையேறி ஓடி, வைக்கோல்போரிலிருந்து ஒரு கட்டு வைக்கோல் உருவி வந்து, பாலத்துக்குக் கிழக்கே வாய்க்காலின் குறுக்கே செங்கல்லோடு போட்டேன். நிறமெல்லாம் வைக்கோலில் வந்து ஒட்டியது. கூட்டம் தண்ணீரோடு கிழக்கே போய்விட்டது.

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஸ்க்ரூடிரைவரை இந்த முறை ஃபில்டரின் அடிவிளிம்பில் வைத்துப் பக்கவாட்டில் அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. தோள் மரத்துப்போன பிறகு அது நகர்ந்தது. நகர்ந்த பிறகு பாட்டில் மூடி மாதிரி வந்தது. இடத்தைத் துடைத்து, புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் மட்டும் இறுக்கினேன். நட்டை ஸ்பேனரால் முறுக்கினேன். மேலே வந்து புது ஆயிலை ஊற்றி, அளவுக் குச்சியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எஞ்சினைப் போட்டதும் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. பார்க்க யாரும் இல்லை. கறுத்த வைக்கோலையெல்லாம் வாரி ஒரு சாக்கில் கட்டினேன். அதற்குப் பிறகு பெரியம்மா மடையைத் திறந்துவிட்டார். அவர் நாற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, இதைச் சொல்லியாக வேண்டும்.

சாயங்காலம், வெள்ளிக்கிழமை இல்லாத அன்று, போன் அடித்தது. கொழுந்தன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்வந்துவிட்டார் என்று அதிலேயே தெரிந்தது.

"வாய்க்கால்ல ஆயிலைக் கொட்டினியாமே?"

"கொட்டலைங்க. கொஞ்சம் சொட்டுச்சு. வைக்கோல் போட்டு எடுத்துட்டேன்."

"முதல் தண்ணி வர்ற நேரத்துல. ஊரே பேசுதாம்."

"வண்டி நல்லா ஓடுதுங்க. ஃபில்டரும் மாத்திட்டேன்."

"அது இருக்கட்டும். சாவியைத் தம்பிகிட்டக் குடுத்துடு. பேச்சு அடங்கட்டும்."

"மாத்திட்டா சாவி எங்கிட்டன்னுதான சொன்னீங்க."



"உனக்கு இப்ப சாவி பெருசா, ஊர் பெருசா?"

"சாவிதாங்க" என்றேன்.

நான் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை என்பதால், விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். போனை அத்தையிடம் கொடு என்றார். ரிசீவரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலிடுக்கில் இருந்த கறுப்பு ரிசீவரிலும் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை கொழுந்தன் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். வயலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டியிருந்ததால் அவருக்கு வண்டி ஓட்ட நேரமில்லை. நானும் அத்தையும் பஸ்ஸில் தஞ்சாவூர் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வந்தோம்.