மடியில் வந்த ரேடியோ

மகன் வீடு மாறுகிறான். பெரிய டிவியைக் கம்பளியில் சுற்றித் தூக்கிப் போனார்கள். அந்தக் கம்பளி வாசம் என்னை ஆவுடையார்கோவில் சாலைக்கு இழுத்துச் சென்றது.

அப்பாவுக்கு அறந்தாங்கிக்கு மாற்றலாகியிருந்தது. பினாங்கிலிருந்து மாமா கொண்டுவந்த வால்வு ரேடியோவை, கம்பளியில் சுற்றி மடியில் வைத்தபடி அம்மா மாட்டுவண்டியில் வந்தாள். சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் சரிந்து விழுந்தாள். ஆனால் பிடியை விடவில்லை.

"ரேடியோவுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று அப்பா பதறினார்.

"ஆகலங்க."

புது வீட்டில் அப்பா குமிழைத் திருகினார். வால்வு சூடாகும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மெல்ல நாதசுரம் கேட்டது. சிரித்தபடி திரும்பிய அப்பா அப்போதுதான் அம்மாவின் வீங்கிய முழங்கையைப் பார்த்தார்.

"சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ரேடியோவை நிறுத்தப் போனார்.

"இருக்கட்டுங்க," என்றாள் அம்மா. "இப்பத்தான் எனக்கு மூச்சே வருது."