வால் உதிர்ந்த எழுத்து

தொங்யோங் துறைமுகத்தை ஒட்டிய கடலுணவுப் பரிசோதனைக் கூடத்தில் வரைபடம் போட்டுத் தருவதுதான் யுன்சுக்கின் வேலை. எண்களைப் புள்ளியியல் மென்பொருளில் ஏற்றினால் கோடுகள் தானாக விழுந்துவிடும். ஓரத்தில் எழுத வேண்டிய கிரேக்க எழுத்துகள்தான் தொல்லை. ஒவ்வொன்றையும் அதற்குரிய குறியீடு கொடுத்து நுழைக்க வேண்டும்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. ஆங்கில 'எம்' எழுத்தைத் தட்டி, கிரேக்க எழுத்துருவுக்கு மாற்றினால், மைக்ரோவைக் குறிக்கும் வால் வைத்த 'மியூ' வந்து நிற்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வால் உதிர்ந்து பழையபடி 'எம்' ஆகிவிடும். 'எம்' என்றால் மில்லி. ஆயிரம் மடங்கு அதிகம். இது யுன்சுக்குக்குத் தெரியும். தெரிந்தும், மகளின் பள்ளி நாடகத்துக்குப் போகும் அவசரத்தில் அன்று குறுக்கு வழியில் போனாள்.

சிப்பி வாங்க வந்த வியாபாரிகளின் கூட்டத்தில் அந்தப் படம் திரையில் விரிந்தது. சிப்பியில் ஈயம் ஆயிரம் மடங்கு என்று காட்டியது. யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆளுக்கொரு சாக்குச் சொல்லி எழுந்து போனார்கள். சிப்பியும் சேர்த்து முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போடும் பருவம், சிப்பிக்கு ஓட்டம் அதிகமுள்ள நேரம். வாங்க ஆளில்லாமல் சிப்பி உரிக்கும் கூடங்கள் பூட்டிக் கிடந்தன.

தவறு தெரிந்ததும் திருத்திய படம் வியாபாரிகளுக்குப் போனது. மென்பொருள் கோளாறு என்று அறிவித்தார் பரிசோதனைக் கூடத் தலைவர் பியோன்.

"சார், அது கோளாறு இல்ல. நான்தான்."

"முடிஞ்சதைக் கிளறாதம்மா. யாரு கேட்டா உன்னை?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. சிப்பி உரிக்கும் கூடம் மறுபடி திறந்ததும் நேரே அங்கே போனாள். ரப்பர் கையுறையோடு வரிசையாக நின்ற பெண்கள் முன் எல்லாவற்றையும் சொன்னாள்.

கத்திகள் நின்றன. மூத்தவளான மல்சுன் கேட்டாள்: "ஒரு எழுத்துக்கு வால் போனதுக்கா நாங்க வீட்ல குந்திக்கிட்டு இருந்தோம்?"

"ஆமாக்கா."

"மெஷின் தப்புன்னு நினைச்சிருந்தோம். யாரைத் திட்டுறதுன்னு தெரியாம இருந்துச்சு. இப்ப தெரிஞ்சிருச்சு."

சிலர் சிரித்தார்கள். யுன்சுக்குக்குச் சிரிப்பு வரவில்லை. கோடியில் போக்சில் வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"போக்சில் எங்கேக்கா?"

"வேலை இல்லைன்னதும் வான்தோ தீவுக்குப் போயிட்டா. கடல்பாசி ஆலைல சேர்ந்திருக்கா. புள்ளைய இங்கயே அவங்கம்மாகிட்ட விட்டுட்டு."

அன்று மாலையே யுன்சுக் அவளைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னாள். திரும்பி வந்தால் அதே இடம் கிடைக்கும் என்றாள். ஆலை இரைச்சலுக்கு நடுவே போக்சிலின் குரல் வந்தது.

"இங்க ஒரு வருசத்துக்கு கையெழுத்துப் போட்டுட்டேன் அக்கா. முடிஞ்சா இப்பவே என் பையனைப் போய் ஒரு தடவ பாத்துட்டு வாங்க. சளி பிடிச்சிருக்காம்."

யுன்சுக் மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.