ரப்பர் ஷீட் டயரும் நடுப்பகல் வெயிலும்

“ஏழாம் வகுப்பு படிச்ச பொண்ணு, என் பேச்சு எங்கே காதுல ஏறப்போகுது?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் பாடாங் செராய் ஊர் சைக்கிள் கடை அண்ணன்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆளும் காலம் இது. டயர் எங்கும் கிடைக்காததால், தோட்டத்து ரப்பர் ஷீட்டைக் கீறிச் சக்கரத்தில் சுற்றித் தந்திருந்தார். “வெயில் ஏறினா இளகிடும் தங்கச்சி. காலையில மட்டும் ஓட்டு.” எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த மிதப்பில் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு மலேரியா. டவுனில் கொய்னா மாத்திரை கிடைத்தபோது நடுப்பகல். பெரிய ரோட்டில் சிப்பாய்கள் சைக்கிளைப் பிடுங்குவார்கள் என்று பயந்து, மலைக்காட்டுக்குள் போகும் கிரவல் பாதையில் திரும்பினேன். அங்கே வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

பாதி இறக்கத்தில், இளகிய ஷீட்டில் கற்கள் அப்பிக்கொண்டு முன்சக்கரம் இறுகி நின்றுவிட்டது. ஒரு பக்கம் செங்குத்தான மேடு, மறுபக்கம் பள்ளம். சைக்கிளை உருட்டவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கெஞ்சி வாங்கிய சைக்கிள், விட்டுவிட்டும் போக முடியாது. கத்தினால் சிப்பாய் வந்துவிட்டால்? மாத்திரைப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கடைசியில் கொண்டை ஊசியால் கற்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன். ஷீட்டை உரித்துப் போட்டு, வெறும் ரிம்மில் கடகடவென்று தள்ளிக்கொண்டே போனேன். பொழுது சாய்வதற்குள் அம்மா மாத்திரையை விழுங்கினாள்.

இப்போது வெயில் ஏறிவிட்டால் நான் சைக்கிளைத் தொடுவதில்லை. காட்டுப் பாதையில் மாட்டிய மறுநாளே அந்தக் கடைக்குப் போய், “முதல்லேருந்து சொல்லுங்கண்ணே” என்று உட்கார்ந்தேன். முன்சக்கரத்தில் இப்போது இருக்கும் ஷீட் நானே சுற்றியது.