இடது கைக்கு ஒரு டிரைவர்

மெயின் பஜாரில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்காரர் என் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார், மூடினார், என் பக்கமாகத் தள்ளி வைத்தார். பழைய இயங்குதளத்துக்கு இனி பாதுகாப்பு கிடைக்காது, புதியது இந்த மெஷினில் ஏறாது, வீட்டில் பாட்டு கேட்க வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் ஓடுமா என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த காய்கறிப் பையைப் பார்த்தார். "அது இன்ஜினியருங்க யூஸ் பண்றதும்மா. நீங்க படம் வரையணும்னு சொல்றீங்க, அதுக்கு ஒத்து வராது" என்றார்.

லேப்டாப்பைக் காய்கறிக்கு மேலே வைத்து ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் எனக்குக் கோபம். அந்த மெஷின் நன்றாக இருந்தது. திரையில் ஒரு கீறல் இல்லை. அதில்தான் நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் முந்திரித் தோப்புப் பூச்சிகளைப் பற்றிய புத்தகத்தை அப்போதுதான் என்னிடம் ஒப்படைத்திருந்தது. காடாம்புலியூர்ப் பக்கம் இரண்டு தோப்புகளில் சுற்றி, இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்புகளைப் பென்சிலில் வரைந்து வந்திருந்தேன். கடியும் வாங்கியிருந்தேன். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வண்ணம் தீட்ட வேண்டிய நேரத்தில்தான் கடைக்காரர் பாட்டு கேட்கச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர். அவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போன ஒரு காலையில் உட்கார்ந்தேன். பழைய படங்களையெல்லாம் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தேன். லினக்ஸை இறக்கிப் பென் டிரைவில் ஏற்றினேன். மெஷினை அணைத்துப் போடும்போது எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. பிறகு அது கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். குக்கர் வைத்து இறக்குவதற்குள் லினக்ஸ் வந்துவிட்டது. படம் வரையும் மென்பொருள் அதற்குள்ளேயே ஒரு கடை மாதிரி இருந்த இடத்தில் இலவசமாகக் கிடைத்தது. ஒரு முறை தட்டினேன், வந்து உட்கார்ந்தது. இவ்வளவுதானா, இதற்கா இன்ஜினியர் என்று நினைத்தேன்.

அப்படி நினைத்தது அவசரம்.

நான் மவுஸில் வரைவதில்லை. என்னிடம் ஒரு கறுப்புப் பலகை உண்டு. அதற்குத் திரை கிடையாது. அதோடு வரும் பேனாவால் அதன் மேல் வரைந்தால் கம்ப்யூட்டரில் கோடு விழும். அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். எறும்பின் காலுக்கு இது அவசியம். தொடை தடித்து, நுனி முடி போல முடிய வேண்டும். பலகையைச் செருகினேன். பேனா நகர்ந்தது, கோடும் விழுந்தது. ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமன். ஆறு காலும் கொடிக்கயிறு மாதிரி இருந்தன.

அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. நான் இடது கைக்காரி. பலகையின் பொத்தான்கள் இடது ஓரத்தில் இருக்கும். வலது கையால் வரைகிறவர்கள் இடது கையால் அவற்றைத் தட்டிக்கொள்வார்கள். நான் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்வேன். பழைய இயங்குதளத்தில் அதற்கென்றே 'இடது கை' என்று ஒரு அமைப்பு இருந்தது. இங்கே அது இல்லை. பேனாவை மேலே இழுத்தால் கோடு கீழே போனது, வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம்.

பலகைக் கம்பெனியின் இணையதளத்தில் லினக்ஸுக்கென்று ஒரு டிரைவர், அதாவது பலகையைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருள், இருந்தது. இறக்கினேன். நிறுவுவதற்கு டெர்மினல் என்ற கறுப்புச் சன்னலில் கட்டளை அடிக்கச் சொன்னது. கடவுச்சொல் கேட்டது. அடித்தால் திரையில் ஒன்றுமே வரவில்லை, ஒரு புள்ளிகூட இல்லை. கீபோர்டு கெட்டுவிட்டது என்று பயந்து எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அடிப்பது தெரியாமல் இருப்பதுதான் அங்கே வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. டிரைவர் ஏறியது. ஏறியதும் பேனா இன்னும் மோசமாயிற்று. வைத்த இடத்தில் நிற்காமல் நடுங்கியது, திடீர் திடீரென்று திரையின் மூலைக்கு ஓடியது.

லினக்ஸ்காரர்கள் கூடும் ஒரு இணைய மன்றத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன். ஒருவர் பதில் போட்டார்: பலகையை நேராக வைத்து வலது கையால் பழகிக்கொள்வது எளிதாக இருக்குமே.

இந்த யோசனையை நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதே சுரங்க நகரியத்துப் பள்ளியில்தான் படித்தேன். அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். டீச்சர் என் இடது கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி வலது கையில் வைப்பார். அவர் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்ததும் நான் மாற்றிக்கொள்வேன். வருடம் முழுக்க இது நடந்தது. கடைசியில் அவருக்குத்தான் சலித்தது. சாப்பிடுவதற்கு மட்டும் வலது கைக்கு ஒப்புக்கொண்டேன், அதுவும் அம்மாவுக்காக. கல்யாணமாகி என் வீட்டுக்காரரின் ஊரான கம்மாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டபோது, நொட்டாங்கையால் கோலம் போடுகிறாள் என்று அங்கேயும் பேச்சு வந்தது. கோலம் நன்றாக இருந்ததால் பேச்சு நின்றது.

மன்றத்துக்காரருக்கு ஒரே வரி பதில் எழுதினேன். நான் கேட்டது பலகையைப் பற்றி, என் கையைப் பற்றி அல்ல.

அந்த வாரம் என் வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். எங்கள் குவார்ட்டர்ஸில் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் அவரைத்தான் போனில் கூப்பிடுவோம். கூடத்து மேசையில் தலைகீழாகக் கிடந்த பலகையைப் பார்த்துச் சிரித்தார். லினக்ஸ் சர்வருக்குத்தான், படம் வரைய அல்ல, டிரைவர் விவகாரத்தில் தலை நரைத்துப்போகும் என்று சொன்னார். நான் உள்ளே போனேன். சமையலறையில் வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

வடைத் தட்டோடு வெளியே வந்தபோது அவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பில் அவருடைய பென் டிரைவ். திரையில் ஹார்ட் டிஸ்க்கின் பாகங்கள் வரிசையாக நின்றன. எதை அழிக்கலாம் என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. லினக்ஸ் போட்ட பிறகு ஸ்கேன் செய்து வைத்த என் எறும்புகள் அத்தனையும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. அவற்றை நான் இன்னும் நகலெடுக்கவில்லை.

தட்டைக் கீழே வைத்தேன்.

"கைய எடுங்க மாமா."

அவர் திரும்பவில்லை. "பழையதையே போட்டுத் தர்றேம்மா. கொஞ்ச நாளைக்கு ஓடும். இதுல நீ மாட்டிக்கிட்டு முழிக்க வேணாம்."

"நான் முழிச்சிக்கறேன். நீங்க கைய எடுங்க."

"நல்லதுக்குத்தானம்மா சொல்றேன். பேனாவ ரைட் ஹேண்டுல புடிச்சிப் பழகிக்க. பாதிப் பிரச்சினை தன்னால போயிடும்."

"பழகறதா இருந்தா ஒண்ணாங்கிளாஸ்லயே பழகியிருப்பேன் மாமா. அப்பவே பழகல."

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். திரை கறுப்பாகும் வரை விடவில்லை. பென் டிரைவைப் பிடுங்கி அவர் எதிரில் வைத்தேன். அதற்கு முன் அவரிடம் நான் நிமிர்ந்து பேசியதில்லை. என் வீட்டுக்காரர்தான் செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொன்னார். "வுடுண்ணே. அவதான் பாத்துக்கினு இருக்காள்ல."

சாப்பாட்டின்போது வெயிலைப் பற்றிப் பேசினார்கள். மாமா வடை சாப்பிடவில்லை. சாயங்காலம் அவர்களைப் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். மெதுவாகத்தான் சொன்னேன் என்றேன். அது உண்மை. நான் குரலை உயர்த்தவே இல்லை.

மறுநாளிலிருந்து மன்றத்தின் பழைய உரையாடல்களைப் படிக்க ஆரம்பித்தேன். துணி காயப்போட்டு வந்து படித்தேன், சோறு வடித்துவிட்டுப் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் ஒரு விஷயம் பிடிபட்டது. லினக்ஸுக்குள் இந்த மாதிரிப் பலகைகளுக்கு ஏற்கெனவே ஒரு டிரைவர் இருக்கிறது. நான் வெளியிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து ஏற்றியிருந்தேன். ஒரு பேனாவை இரண்டு பேர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், அது நடுங்காமல் என்ன செய்யும்? உள்ளே இருப்பது எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். எழுதினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். பேனாவை வைத்தேன், நின்றது. அழுத்தினேன், தடித்தது. தளர்த்தினேன், முடியளவு மெலிந்து முடிந்தது.

மிச்சமிருந்தது தலைகீழ். அதற்கு ஒன்பது எண்கள் கொண்ட ஒரு கட்டளை இருந்தது. எல்லாம் ஒன்றும் சுழியும்தான், சிலவற்றுக்கு முன்னால் மட்டும் கழித்தல் குறி. மேலைக் கீழாகவும் வலத்தை இடமாகவும் அது மாற்றும். முதலில் அடித்தபோது அப்படி ஒரு கருவியே இல்லை என்று பதில் வந்தது. பலகையின் பெயரில் தேவையில்லாமல் ஓர் இடைவெளி விட்டிருந்தேன். சரிசெய்து அடித்தேன். பலகை தலைகீழாகவே கிடக்க, பேனாவை மேலே இழுத்தேன். கோடு மேலே போனது. எழுந்து போய் வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் மேலே போனது.

மெஷினை அணைத்ததும் அதற்கு அந்த ஒன்பது எண்களும் மறந்துபோயின. அதைத் தானாகவே ஓடவைக்கவும் வழி இருந்தது, அதையும் படித்துச் செய்தேன்.

எறும்புப் புத்தகம் குறித்த நேரத்தில் போனது. பதிப்பகத்து அம்மா போன் செய்து, கால்கள் நன்றாக இருக்கின்றன, கடித்துவிடும்போல இருக்கின்றன என்றார். எதில் வரைந்தேன் என்று அவர் கேட்கவில்லை. அண்ணன் மாமா பொங்கலுக்கு வந்தார். எல்லோருக்கும் சட்டை எடுத்து வந்திருந்தார். லேப்டாப் பக்கம் போகவில்லை. லினக்ஸைப் பற்றி அவர் எண்ணம் மாறியதாகவும் தெரியவில்லை. எனக்கு அது மாற வேண்டியதில்லை.

பிறகு ஒன்று செய்தேன். உள்ளே இருக்கும் டிரைவரை எப்படி அடக்குவது, ஒன்பது எண்களை எப்படி அடிப்பது, இடைவெளியை எங்கே விடக்கூடாது என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதி அதே மன்றத்தில் போட்டேன். 'நொட்டாங்கைக்காரர்களுக்கு' என்று தலைப்பு வைத்தேன். இது எல்லோருக்கும் பொதுவான இடம், ஆங்கிலத்தில் எழுதினால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் கீழே எழுதினார். அதற்குக் கீழே, தஞ்சாவூரிலிருந்து ஒரு பெண் தமிழில் நன்றி சொல்லியிருந்தாள். அவளுக்குப் பதில் எழுதினேன். அவருக்கு எழுதவில்லை.