முதலில் பிரேக், பிறகு பூஜை

விமான் நகர் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, எங்கள் கட்டடத்துப் பேச்சியக்காவின் கணவர் முருகேசன் அண்ணன் அழைத்தார். "பேச்சி போயிட்டாம்மா" என்றார். சிறுநீரகக் கோளாறோடு மாதக்கணக்கில் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த பேச்சியக்காவுக்கு ஐம்பது வயதுகூட நிறையவில்லை.

விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்துக்கு வந்துபோன எல்லோருக்கும் அவரது ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் நினைவிருக்கும். பார்க்கிங்கில் பழைய போர்வையை விரித்து, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, தன் பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்திருப்பார். பிரேக் ஷூவை உப்புத்தாளில் பதமாகத் தேய்ப்பார். மூன்றாவது மாடிப் பெரியவர் காகா, என்ன அண்ணி, கடை திறந்தாயிற்றா என்று மராத்தியில் சீண்டுவார்: "காய் வஹினி, காரேஜ் உக்டல கா?"

"ஹோ காகா, தும்சி ஸ்கூட்டர் ஆணா" என்பார் அக்கா. உடனே என் பக்கம் திரும்பி, "அவரு ஸ்கூட்டரக் கொண்டாரச் சொன்னா ஓடிருவாரு பாரு" என்பார்.

மெக்கானிக்கிடம் விட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "மத்ததெல்லாம் அவன்ட்டதாம்ளா விடுதேன். இது மட்டும் நானே பாத்தாத்தான் தூக்கம் வரும். வண்டி ஓடலன்னா அது வீட்ல கெடக்கும். நிக்கலன்னா நாமதான் கெடப்போம்."

ஒரு தசராவை நான் மறக்கவே முடியாது. என் கணவர் பைக்கைக் கழுவி, பளபளக்கட்டும் என்று இண்டு இடுக்கெல்லாம் எண்ணெய் தடவித் துடைத்திருந்தார். சாமந்தி மாலை, சந்தனம், முன்சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். பூஜை முடிந்ததும் மகளோடு தளேகாவ் ஊரில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போவதாகத் திட்டம். பட்டுப்பாவாடையில் அவள் ஏறி உட்கார்ந்தும்விட்டாள். சுண்டல் வாங்க வந்த அக்கா குனிந்து, முன்சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் வட்டத் தகட்டைப் பார்த்தார்.

"தம்பி, டிஸ்க்குல என்ன தடவுனீய?"

"தேங்காண்ணெய்க்கா. எப்படி மின்னுது பாருங்க!"

அக்கா சாவியை உருவிக்கொண்டார். "பாப்பா, எறங்கு."

"நல்ல நாளும் அதுவுமா சாவியப் புடுங்குறீங்களே! என் பொண்டாட்டியே பேசாம நிக்கிறா, நீங்க யாருக்கா?" என்றார் என் கணவர்.

கட்டடமே பார்த்துக்கொண்டிருந்தது. யார் மனமும் கோணக் கூடாது என்றே வளர்ந்தவள் நான். தட்டும் கையுமாக நின்றேன்.

"நான் யாருமில்லதான். நீங்களே உருட்டி, முன்பிரேக்கப் புடிச்சுப் பாருங்க."

அவர் கோபத்தில் வேகமாக உருட்டி, லிவரை அழுத்தினார். சக்கரம் நிற்கவில்லை. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு தூணில் போய் முட்டியது.

அக்கா ஸ்பிரிட் கொண்டுவந்து டிஸ்க்கைத் துடைத்தார். பிரேக் பேடுகளைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். கேட் வரை தானே ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்து, திருப்தியான பிறகே சாவியைத் தந்தார்.

அதன்பின் கொஞ்ச நாள், அக்கா லிஃப்டுக்குக் காத்திருந்தால் என் கணவர் படியேறிவிடுவார். ஆனால் மறு தசராவன்று காலையிலேயே அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். "அக்கா, பிரேக்கப் பாத்துச் சொல்லுங்க, அப்புறம் பழம் வைக்கிறேன்."

"ஏன் தம்பி, வீட்ல எண்ணெ தீந்துபோச்சா?" என்றார் அக்கா. இருவரும் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் அக்கா பிரேக்கைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வண்டிக்கு மாலை.

அஸ்தியை ஆற்றில் கரைக்க ஆளந்திக்குக் கொண்டுபோக வேண்டிய காலையில் அவர் மகன் கார்த்திக், "அம்மாவை அம்மா வண்டியிலேயே கூட்டிட்டுப் போறேன்" என்றான். எல்லோரும் அழுதார்கள். கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு முருகேசன் அண்ணன் பின்னால் ஏறினார். அக்கா படுத்த நாளிலிருந்து யாரும் தொடாத வண்டி அது. பிரேக்கைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் போய்க் கை நீட்டினேன். "சாவியைக் குடுப்பா."

"ஸ்லோவா போறேன் ஆன்ட்டி, ப்ராமிஸ்."

"இந்த நேரத்துல என்னம்மா இது?" என்றார் உறவினர் ஒருவர்.

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு முன்பிரேக்கை அழுத்தினேன். பிடிமானமே இல்லாமல் லிவர் கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. பிரேக் ஆயில் எப்போதோ கசிந்து போயிருந்தது. கார்த்திக் அதைப் பார்த்துவிட்டு இறங்கினான். ஆட்டோவில் போனார்கள்.

பிரேக்கைக் கழற்றி மாட்ட நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, எல்லோரும் பார்த்திருக்க நல்ல நாளிலும் துக்க நாளிலும் சாவியைக் கேட்கும் அந்தத் துணிவு மட்டுமே.