மணிமங்கலத்தில் இறங்கிக்கொண்ட சப்ஜெக்ட்

போன வாரம் ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி செல்போனைப் பார்த்துப் பார்த்து மற்றவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். நம் குணத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிற விளையாட்டாம். “சிவப்புன்னா உனக்கு இன்னா தோணுது? யோசிக்காம சொல்லணும்.”

“ஓ.டி.” என்று ஓவர்டைமைச் சொன்னாள் அவள், மூடிய கண்ணைத் திறக்காமலே. இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசிக்காமல் சொல் என்று யார் யாரிடம் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் காது மடல் சூடாகிவிடும்.

நான் மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் சைக்காலஜி படித்தவள். வல்லக்கோட்டைப் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். “பைத்தியத்துக்கு ஊசி போடற படிப்பா?” என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. விளக்கப் போனால் இன்னும் மோசம். ஏனென்றால் அது என்ன படிப்பு என்பதில் அதைத் தொடங்கி வைத்தவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. ஜெர்மனியில் ஆய்வுக்கூடம் வைத்தவர்கள் ஒரு சத்தத்தைக் கேட்கவைத்து, இப்போது உன் மனசுக்குள் என்ன நடக்கிறது, சொல் என்றார்கள். வியன்னா டாக்டர் ஒருவர் நோயாளியைச் சோபாவில் படுக்கவைத்து, மறந்துவிட்டதாக நீ நினைப்பதுதான் உன்னை ஆட்டிவைக்கிறது என்றார். அமெரிக்காவில் கிளம்பிய நடத்தையியல்காரர்கள், உள்ளே எட்டிப் பார்க்கிற வேலையே வேண்டாம், வெளியே தெரிவதை மட்டும் அளந்தால் போதும் என்றார்கள். துண்டு போட்டால் மனசு கிடைக்காது, முழுசாகப் பார் என்று இன்னொரு கூட்டம். மனிதன் சோதனைக்கூட நாயும் இல்லை, எலியும் இல்லை, அவன் சொல்வதை மரியாதையாகக் கேளுங்கள் என்று கடைசியாக ஒரு கூட்டம்.

இதையெல்லாம் பஸ்ஸில் நின்றபடி மனப்பாடம் செய்து, வீட்டில் இருப்பவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தேன். அம்மா நடத்தையியல்: வேலை செய்தால் சோறு, எதிர்த்துப் பேசினால் விளக்குமாறு. அப்பா வியன்னா: எதைக் கேட்டாலும் தன் சின்ன வயசுக்குப் போய்விடுவார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் எந்தப் பங்கும் வைக்கவில்லை. அவர்கள் அறைப் பக்கம் என் படிப்பு போகவில்லை.

அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் வேலை பார்த்தான். குடிக்க மாட்டான். அதனாலேயே நல்ல பேர். ஷிப்ட் முடிந்து வந்து குளித்து, பவுடர் போட்டு, சாப்பிட உட்காருவான். சில நாள் குழம்பில் உப்புக் குறையும், சில நாள் ஒன்றுமே குறையாது. அறைக் கதவு சாத்திக்கொள்ளும். அம்மா கூடத்திலிருந்த ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாள். கூட்டு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையைக் கட்டிக்கொண்டு நானும் விவசாயச் செய்திகள் கேட்பேன்.

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அந்துருண்டை வாசனை அடிக்கும். இப்போதும் பீரோவைத் திறந்தால் எனக்குப் பரீட்சை நினைவுதான் வருகிறது. செய்முறைப் பரீட்சைக்கு ஒவ்வொருத்தியும் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் ‘சப்ஜெக்ட்’. ஹாஸ்டல்காரிகள் ஜூனியர் பெண்களைப் பிடித்து வைத்துவிட்டார்கள். எனக்கென்று சொல்லிவைத்த பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. அது 1991, ஏப்ரல் மாதம். அடுத்த மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் எங்கே இருக்கிறது என்று எனக்கு யாரிடமும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்னால் எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன்.

“நான் வரேன் பாப்பா. சும்மா குந்திகினு பதில் சொல்றதுதான?” என்றாள் அண்ணி.

ரோஸ் கலர் நைலக்ஸ் புடவை, தலை நிறையக் கனகாம்பரம், வழிய வழிய எண்ணெய். கல்லூரி வாசலில் என் வகுப்புப் பெண்கள் பார்த்தபோது நான் ஓரடி தள்ளி நடந்தேன். அன்றைக்கு அதைத்தான் பெரிய வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீட்டெடுத்ததில் எனக்கு வந்தது சொல் தொடர்புச் சோதனை. நான் ஒரு சொல்லைச் சொல்வேன். சப்ஜெக்ட் மனசில் முதலில் வருவதைச் சொல்ல வேண்டும். நிறுத்துக் கடிகாரத்தில் நேரம் குறிக்க வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பதில் தாமதமாகிறதோ அங்கே மனசில் முடிச்சு இருக்கிறது என்று பொருள். வெளியூரிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி, நரைத்த கொண்டை போட்ட அம்மாள், எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“மரம்” என்றேன்.

“வேம்பு.”

“சிரிப்பு.”

“பாப்பா” என்று சொல்லி அண்ணி சிரித்தாள்.

“கை.”

“அடி.”

அம்மாளின் பேனா நின்றது. நான் நிறுத்தவில்லை. அடுத்த சொல் அட்டையில் இருந்தது. “கதவு.”

அண்ணி வாயைத் திறந்து மூடினாள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு மெல்ல, “வெளிய” என்றாள்.

சோதனை முடிந்ததும் அம்மாள் ஆங்கிலத்தில் விளக்கம் கேட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. வியன்னா டாக்டரின் உளப்பகுப்பாய்வுப்படி இது அடக்கி வைத்த நினைவு என்றேன். நடத்தையியல்படி, கை என்பதும் வலி என்பதும் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்ததன் விளைவு என்றேன். இந்த சப்ஜெக்ட் வீட்டில் அடி வாங்குகிறார், கதவுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார் என்று ஊகிக்கலாம் என்றேன். கடகடவென்று, ஒரு தடுமாற்றமும் இல்லாமல்.

“குட்” என்றார். பிறகு அண்ணி பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். “ஏம்மா, இந்தப் பொண்ணுக்கு நீ என்ன வேணும்?”

“அண்ணிங்க. இவங்க அண்ணனத்தான் கட்டிகினு இருக்கேன்.”

அம்மாள் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. மார்க்கையும் குறைக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, “நீ போகலாம்” என்றார். மேஜை மேலிருந்த கடிகாரத்தை எடுத்து வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

தாம்பரத்தில் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அண்ணி கேட்டாள். “அந்த அம்மாவாண்ட இங்கிலீஷ்ல இன்னா பாப்பா சொன்ன? ரொம்ப நேரம் சொன்னியே.”

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஏனோ வரவில்லை. “வூட்ல அடி வாங்கறாங்க, வெளிய நிக்க வைக்கறாங்கன்னு சொன்னேன் அண்ணி.”

கண்டக்டர் வந்து போனார்.

“அப்ப உனக்குத் தெரியும்” என்றாள் அண்ணி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அத்தைக்கு?”

“தெரியும்.”

“ரேடியோ சத்தத்துல உங்களுக்குக் கேக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்” என்றாள். “காலைல உங்க மூஞ்சியப் பாக்க வெக்கமா இருக்குமேன்னு, வாய்ல துணிய வச்சிகினு அழுவேன். எல்லாருக்கும் தெரியும்னா நான் யாருக்காவ மறைக்கறது?”

பஸ் அப்போது மணிமங்கலம் வழியாகப் போகும். அவள் பிறந்த ஊர். கோயில் கோபுரம் தெரிந்ததும் எழுந்துகொண்டாள். “நான் எங்க வூட்டாண்ட எறங்கிக்கறேன். நீ பத்திரமா போ பாப்பா.” கையில் ஒரு துணிப்பைகூட இல்லை. நான் கூடவே இறங்கியிருக்கலாம். டிக்கெட் எங்கள் ஊர் வரைக்கும் எடுத்திருந்தது என்று உட்கார்ந்திருந்தேன்.

“அவ எங்கடி?” என்றாள் அம்மா, வாசலிலேயே. நடந்ததைச் சொன்னேன். அண்ணன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

“இத போயி மெட்ராஸ்காரிங்களாண்ட சொல்லிட்டு வந்துகிறியே, வெக்கமா இல்ல உனுக்கு?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“வெக்கமாத்தான் கீது” என்றேன். அவள் கேட்ட வெட்கம் வேறு என்பதை விளக்க, படித்த ஒரு சொல்லும் அகப்படவில்லை. அண்ணன் திரும்பிப் பார்க்காமல் சோப்பை மறுபடியும் போட்டுக்கொண்டான்.

அவன் மணிமங்கலம் போய்க் கூப்பிட்டான். அவள் வாசலுக்கே வரவில்லையாம். தாம்பரம் பக்கம் ஏதோ ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டோம். சில வருஷம் கழித்து தாம்பரம் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கியது. தலையில் எண்ணெய் இல்லை. “அண்ணி” என்றேன். நின்றாள், சிரிக்கவும் செய்தாள். “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டாள். நீங்க என்று அவள் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

வல்லக்கோட்டை ரோட்டில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது கார் உதிரிபாக லாரிகள் நிற்கின்றன. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். மணிமங்கலத்தைச் சுற்றிக்கொண்டு போன அந்த பஸ்ஸும் இல்லை. கல்லூரியில் எல்லாச் சோதனையும் கம்ப்யூட்டரில் என்கிறார்கள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி என்று கூப்பிட அதற்குப் பிறகு எனக்கு யாரும் வாய்க்கவில்லை.